நாற்பத்து நான்கு

நாற்பத்து நான்கு என்றாள் நர்ஸ்.
திரும்பவும் மணிக்கட்டைப் பிடித்தாள்,
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்,
பிறகு என்னைப் பார்த்தாள்,
ஆள் இருக்கிறேனா என்பதுபோல.

"தலைசுற்றல் உண்டா, மிலோய்கா அம்மா?"
"மலை ஏறுவேன்" என்றேன்.
கேட்டதற்கு அது பதிலில்லை.
லுப்லியானாவில் ஆனால்
சொன்னால் புரியும்.

வாரத்தில் ஐந்து நாள் ஷ்மார்னா கோரா.
இருட்டோடு கிளம்பி
பீச் மர வேர்களை மிதித்து
உச்சிக்கு முப்பத்தெட்டு நிமிஷம்.
(போன வருஷம் முப்பத்தாறு.)
மேலே ஒரு மணி தொங்குகிறது;
கயிற்றை இழுத்தால் நினைத்தது நடக்குமாம்.
நான் ஒன்றும் நினைப்பதில்லை. இழுப்பேன்.
மூச்சு திரும்பி வரும்வரை
கைக்கு ஒரு வேலை வேண்டுமே.

"விதி ஐம்பதில் தொடங்குகிறது" என்றாள்.
சின்னப் பெண். பெயர்ப்பட்டையில் நேஷா.
விதியோடு எனக்கென்ன சண்டை?
முப்பத்தேழு வருஷம் தபால் நிலையத் தராசு முன்னால்
இரண்டு கிராம் கூடினாலும்
இன்னொரு தபால்தலை கேட்டவள் நான்.

மாடிப்படி எங்கே என்று மட்டும் கேட்டேன்.
அவள் காதில் விழாததுபோல்
பேனா மூடியைத் தேடினாள்.
மூன்று மாடி, இரண்டு தடவை,
கைப்பையும் மேல்கோட்டும் சுமந்து.
வந்து உட்கார்ந்து, சட்டைக்கையைச் சுருட்டி,
அவள் விரல் வைப்பதற்குள்
அது இறங்கிவிட்டிருந்தது. நாற்பத்தேழு.
பழகிய மாடு மாதிரி
அவிழ்த்துவிட்டாலும் தொழுவத்துக்கே போகிறது.

சிரித்துவிட்டோம் இரண்டு பேரும்.

வீட்டில் இருப்பது வேறு கணக்கு.
வால்வு மாற்றிய அன்று
முகம் தெரியாத நான்கு பேரின் ரத்தம்
ஸ்டோயானுக்குள் போனது.
பிறகு தோலுக்கடியில்
தீப்பெட்டி அளவில் ஒரு கருவி.
அறுபதுக்குக் கீழே இறங்க விடாது.
இரவில் அவர் முதுகில் காது வைத்தால்
கேட்கும். நிமிஷத்துக்குப் பதினாறு துடிப்பு
என்னை முந்திப் போகிறார்.
இதில் மட்டும் முந்தட்டும்.

டாக்டர் ஹ்ரோவத் வந்தார்.
நெஞ்சில் ஈரமான வில்லைகளை ஒட்டி
தாளில் ஓடிய மேடு பள்ளங்களைப் பார்த்தார்.
வேகமல்ல, ஒழுங்குதான் முக்கியம் என்றார்
நேஷாவிடம். என்னிடம்,
"எந்தப் பக்கமாக ஏறுவீர்கள்?"
"வடக்கு."
"செங்குத்து" என்று சொல்லிக்கொண்டே
கையெழுத்துப் போட்டார்.

பை ஒரு தராசில் கிடந்து ஆடியது.
முப்பது, நூற்றுப்பத்து, இருநூறு கிராம்.
நான் பார்க்காமல் யார் பார்ப்பது?
தன் போக்கில் வந்தது,
அவசரமில்லாத கடிதம் மாதிரி.
பார்லி சூப் கொடுத்தார்கள். ரொட்டியும்.
ஒரு நாள் விடுப்புச் சீட்டு வேண்டுமா என்றார்கள்.
எந்த அலுவலகத்துக்கு?

மூன்றாம் நாள் மலையில்
என் கால்கள் யாருடையவோ ஆயின.
நாற்பத்து மூன்று நிமிஷம்.
எழுபத்தெட்டு வயது யெர்னெய்
இரண்டு ஊன்றுகோலும் டக் டக்கென்று
என்னைக் கடந்தார். ஒன்றும் கேட்கவில்லை.
அது மரியாதையா, சந்தோஷமா
இன்றைக்கும் தெரியாது.
மணிக்கயிறு அன்று கொஞ்சம் கனத்தது.

அன்றிரவு படுத்தபடி எண்ணினேன்.
ஐம்பத்தொன்று.
கொடுத்து முடித்த பிறகு
விதிக்குள் வந்திருக்கிறது இந்த நெஞ்சு!
பக்கத்தில் அறுபது.
ஒன்பதுதான் இடைவெளி.
இத்தனை நெருக்கமாக நாங்கள்
கல்யாணமான புதிதில்கூட நடந்ததில்லை;
அவர் எப்போதும் நான்கு அடி பின்னால்,
சிகரெட்டோடு.

வாரங்கள் போயின. நாற்பத்தொன்பது,
நாற்பத்தேழு. நேற்று நாற்பத்தைந்து.
உள்ளே யாரோ இரவு பகலாக
இல்லாததை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.
ஊற்றுக்கண்ணை மூட எனக்கு வழி தெரியாது,
மூடவும் கூடாது.
ஆனால் அந்த ஒன்பதை
இன்னும் கொஞ்ச நாள் வைத்திருந்திருக்கலாம்.

"என்ன முணுமுணுக்கிறாய்?" என்றார்
இருட்டில் திரும்பி.
ஒன்றுமில்லை, தூங்கு என்றேன்.
முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று.